காலடியில் எத்தனை சுவிச்?

வாசகர் கேள்வி – பதில்

மேடையில் கிற்றார் வாசிப்பவர்களிடமிருந்து மிடி கால் கொன்ரோலர் பற்றிய கடிதங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை; அந்தக் கட்டளைகளைக் காலால் மிதித்து அனுப்பும் பெட்டிதான் கால் கொன்ரோலர். இந்த முறை பக்கங்கள் முழுவதும் அவர்களுக்கே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில், விவரம் கூடுதலாக எழுதியவரின் கடிதத்தை எடுத்திருக்கிறோம்.

கொக்குவில் வாசகர்: ஐயா, கலியாண மண்டபங்களிலும் கோயில் திருவிழா இரவுகளிலும் வாசிக்கும் இசைக்குழுவில் நான் லீட் கிற்றார். லைன் 6 எச்எக்ஸ் ஸ்ரொம்ப் என்ற எபெக்ற்ஸ் பெட்டி (கிற்றாரின் சத்தத்தை மாற்றும் பெட்டி) வைத்திருக்கிறேன். அதில் மூன்றே சுவிச். பாட்டுக்கு நடுவில் குனிந்து கையால் மாற்றவேண்டி வருகிறது. பத்து சுவிச் உள்ள மிடி கொன்ரோலர் வாங்குவதா, ஆறு சுவிச் காணுமா?

பதில்: ஆறு காணும். ஏன் என்று சொல்வதற்கு முன், அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கால் கொன்ரோலருக்குள்ளால் கிற்றாரின் சத்தம் போவதில்லை. நீங்கள் மிதித்ததும் அது மற்றப் பெட்டிக்குச் சில எண்களை அனுப்புகிறது, அவ்வளவுதான். கிற்றார்காரருக்கு வேண்டியவை இரண்டு வகைச் செய்திகள். முதலாவது புரோகிராம் சேஞ்ச், சுருக்கமாகப் பிசி. 'இந்த இலக்கப் பிரீசெற்றை (சேமித்துவைத்த சத்த அமைப்பை) எடு' என்பது அதன் பொருள். 0 முதல் 127 வரை ஓர் எண் போகும். இரண்டாவது கொன்ரோல் சேஞ்ச், அதாவது சிசி. அதில் இரண்டு எண்கள்: எந்த விஷயம், எவ்வளவு. இவை 16 சனல்களில் ஏதாவது ஒன்றில் போகும். அனுப்பும் பெட்டியும் கேட்கும் பெட்டியும் ஒரே சனலில் இருக்கவேண்டும்.

இந்த எண்கள் போக எடுக்கும் நேரம் மிகக் குறைவு. மிடி கேபிளில் விநாடிக்கு 31,250 பிற் ஓடுகிறது. ஒரு பிசி செய்தி போய்ச்சேர 0.64 மில்லி விநாடி, ஒரு சிசி செய்திக்கு 0.96 மில்லி விநாடி. ஆகவே 'மிதித்தபிறகு சத்தம் அறுந்து வருகிறது' என்று பலர் எழுதியிருப்பதற்குக் காரணம் கொன்ரோலர் இல்லை. எபெக்ற்ஸ் பெட்டி பழைய பிரீசெற்றை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும் இடைவெளி அது. விலை கூடிய கொன்ரோலர் வாங்கினாலும் அந்த இடைவெளி போகாது. போக்கும் வழி உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது: ஒரு பாட்டுக்கு ஒரு பிரீசெற், அந்தப் பாட்டுக்குள் மாறுவதெல்லாம் சினாப்சொட், அதாவது அதே பிரீசெற்றுக்குள் சேமித்த வேறு வேறு நிலைகள். சினாப்சொட் மாறும்போது சத்தம் அறுவதில்லை, டிலேயின் (எதிரொலியின்) வாலும் தொடரும்.

இப்போது ஒரு கொப்பியை எடுத்து, அடுத்த நிகழ்ச்சியின் பாட்டுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் கால் செய்யவேண்டிய வேலையை மட்டும் குறியுங்கள். வழமையான சினிமாப் பாட்டொன்றில் இப்படி வரும்: தொடக்க இசையில் கோரஸ் போட்ட கிளீன், பல்லவியில் பாடுபவருக்கு இடம்விட்டுச் சத்தம் குறைத்த கிளீன், இடையிசையில் டிஸ்ரோர்ஷனும் டிலேயும், சரணத்தில் மீண்டும் பல்லவியின் சத்தம். மூன்று சத்தம்தான். இவற்றோடு அடுத்த பாட்டு, முந்தின பாட்டு, சுருதி பார்க்கும் ரியூனர். மொத்தம் ஆறு. நாற்பது பாட்டு எழுதிப் பார்த்தாலும் இந்தக் கணக்கைத் தாண்டுவது ஒன்றிரண்டாகவே இருக்கும்.

உங்களுக்குக் கிட்ட இருக்கும் கீழ் வரிசையில் மூன்று சினாப்சொட்டையும் வையுங்கள். பாட்டு ஓடும்போது மிதிப்பவை அவைதான். மூன்றுக்கும் சிசி 69. மதிப்பு 0 முதலாம் சினாப்சொட், 1 இரண்டாவது, 2 மூன்றாவது. மேல் வரிசையில் முந்தின பாட்டு, அடுத்த பாட்டு, ரியூனர். ரியூனருக்கு சிசி 68. ராப் ரெம்போ (காலால் தட்டி வேகத்தை வைப்பது) தேவையென்றால் சிசி 64, மதிப்பு 127. பாட்டு மாற்றுவதற்குப் பிசி: முதலாவது பிரீசெற்றான 01ஏ-க்கு 0, 01பி-க்கு 1 என்று போகும். பெட்டி வாங்கியபடியே இருந்தால் சனல் 1.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. மோர்னிங்ஸ்ரார் எம்சி6 போன்ற கொன்ரோலர்களில் ஒரே சுவிச்சுக்கு மிதித்தல், காலை எடுத்தல், அழுத்திப் பிடித்தல் என்று வெவ்வேறு செய்திகள் கொடுக்கலாம். ஆறு சுவிச்சைப் பன்னிரண்டாக்கலாம் என்ற ஆசையில் எல்லாவற்றுக்கும் இரண்டு வேலை கொடுத்துவிடுவார்கள். ஒரு சுவிச்சில் அழுத்திப் பிடிக்கும் வேலையும் இருந்தால், சாதாரண மிதிப்பைக் 'காலை எடுக்கும்போது' என்று வைக்கவேண்டி வரும். இல்லாவிட்டால் பிடிக்கும்போதெல்லாம் முதல் வேலையும் சேர்ந்து நடக்கும். காலை எடுக்கும்போது என்று வைத்தால் சத்தம் மாறுவது பாதத்தைத் தூக்கும் கணத்தில். தாளத்தில் மிதித்தாலும் அரை மாத்திரை பிந்தும். ஆகவே சினாப்சொட் மூன்றையும் 'மிதித்ததும்' என்று தனியாக விடுங்கள். இரட்டை வேலை மேல் வரிசைக்கு மட்டும். ரியூனர் சுவிச்சுக்கும் ஒரு கவனம்: மிதிக்கும்போதும் எடுக்கும்போதும் ஒரே சிசி போனால் ரியூனர் திறந்து உடனே மூடும், பெட்டி பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

அளவும் முக்கியம். கோயில் மேடையில் செருப்பு, சப்பாத்து இல்லாமல் வாசிக்கிறீர்கள். வெறுங்காலில் பெருவிரலின் அடிச்சதையால் அழுத்துவோம்; மண்டபத்தில் சப்பாத்தின் முன்பகுதியால் அழுத்துவோம். இரண்டுக்கும் ஒரே பெட்டி சரிவரவேண்டும். சுவிச் நடுவிலிருந்து அடுத்த சுவிச் நடுவுக்கு 6 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் சப்பாத்துக்கு இடம் போதாது, பக்கத்திலிருப்பதும் சேர்ந்து அழுந்தும். 'கிளிக்' என்று கடினமாக இறங்கும் உலோகச் சுவிச் மூன்று மணித்தியாலக் கச்சேரியில் வெறுங்காலை நோகப்பண்ணும். மெதுவாக இறங்கும் சுவிச் உள்ள பெட்டியைத் தேடுங்கள், அல்லது சுவிச் தலையில் போடும் அகலமான பிளாஸ்ரிக் தொப்பி வாங்கிப் போடுங்கள். வாங்கும் இடத்தில் சப்பாத்தைக் கழற்றி மிதித்துப் பார்க்க வெட்கப்படவேண்டாம்.

பத்துச் சுவிச் பெட்டி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், இடம். அவற்றில் சில இரண்டடிக்கு மேல் நீளம். மண்டப மேடைகளில் ட்ரம்ஸ், கீபோர்ட், ஒக்ரபாட் எல்லாம் வைத்தபிறகு கிற்றார்காரருக்குக் கிடைப்பது ஒரு பாய் அகலம்தான்.

குருநகர் வாசகி: எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். பாட்டுக்குப் பாட்டு மாற்றுவது கிளீன், கொஞ்சம் ரிவேர்ப் கூடிய கிளீன், இவை இரண்டும்தான். எனக்கும் மிடி கொன்ரோலர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் எபெக்ற்ஸ் பெட்டியின் பின்பக்கத்தில் புற் சுவிச் (சாதாரண கால் சுவிச்) செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொஸ் எப்எஸ்-7 போன்ற இரட்டைச் சுவிச் ஒன்றும் ஒரு ஸ்ரீரியோக் கேபிளும் காணும். புரோகிராம் செய்யவும் ஒன்றுமில்லை. அழுத்தும்வரை மட்டும் இணையும் வகை, அழுத்தினால் நிலைத்து நிற்கும் வகை என்று புற் சுவிச்சில் இரண்டு உண்டு. உங்கள் பெட்டி எதை எதிர்பார்க்கிறது என்று கையேட்டில் பாருங்கள். பிழையான வகை என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு தரம் மிதிக்கவேண்டி வரும்.

மானிப்பாய் வாசகர்: கொன்ரோலரில் 5 என்று போட்டால் எபெக்ற்ஸ் பெட்டியில் 6ஆவது பிரீசெற் வருகிறது. பெட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: இரண்டு பெட்டியும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. மிடி 0 இலிருந்து எண்ணுகிறது. சில நிறுவனங்கள் அதை 0–127 என்றே காட்டுகின்றன. சில 1–128 என்று ஒன்றைக் கூட்டிக் காட்டுகின்றன. உங்கள் கொன்ரோலர் முதல் வகை, எபெக்ற்ஸ் பெட்டி இரண்டாம் வகை. எப்போதும் ஒன்றே வித்தியாசம் என்றால் கொன்ரோலரில் ஒன்றைக் குறைத்துப் போடுங்கள். சில கொன்ரோலர்களில் 1 இலிருந்து எண்ணும்படி மாற்றும் அமைப்பும் உண்டு. மாற்றினால் எல்லா எண்களும் ஒரே தரத்தில் சரியாகும்.

வித்தியாசம் ஒன்றாக இல்லாமல் கண்டபடி மாறினால் அது வேறு கதை. அப்போது எபெக்ற்ஸ் பெட்டிக்குள்ளேயே 'எந்தப் பிசிக்கு எந்தப் பிரீசெற்' என்ற அட்டவணை இருக்கக்கூடும். யாராவது முன்னர் அதை மாற்றியிருப்பார்கள்.

சுன்னாகம் வாசகர்: கனடாவிலிருந்து மாமா வருகிறார். அங்கே பாவித்த பெரிங்கர் எப்சிபி1010 மலிவாகக் கிடைக்கிறதாம். கொண்டுவரச் சொல்லட்டா?

பதில்: ஒரு விஷயத்தை உறுதிசெய்தபிறகு சொல்லுங்கள். அந்தப் பெட்டிக்கு வெளியே அடப்ரர் கிடையாது. சுவர் மின்சாரம் நேரே உள்ளே போகிறது, உள்ளே ட்ரான்ஸ்போமர் இருக்கிறது. கனடாவில் விற்பது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்கள் சுவரில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் முதல் நிமிடத்திலேயே பியூஸ் போகும், ட்ரான்ஸ்போமரும் கருகக்கூடும். மாமாவிடம் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மின்வயர் செருகும் இடத்துக்கு அருகே வோல்ற் அளவு எழுதியிருக்கும். 120 என்று இருந்தால் 230இலிருந்து 110க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று கூடவே வாங்கவேண்டும். இந்தப் பெட்டிக்கு 100 விஏ அளவு தாராளம். ஆனால் அதையும் ஒவ்வொரு மேடைக்கும் சுமக்கவேண்டும். யாராவது ஒருநாள் அதை மறந்துவிட்டு நேரே செருகினால் கதை முடிந்தது.

9 வோல்ற் அடப்ரரில் ஓடும் கொன்ரோலர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அடப்ரரில் '100–240' என்று எழுதியிருந்தால் இங்கேயும் ஓடும். சதுரக் கால் மூன்றுள்ள எங்கள் பிளக்குக்கு மாற்றி மட்டும் போட்டால் காணும், அதற்குள் 3 அம்பியர் பியூஸ். '120' என்று மட்டும் எழுதிய கனமான அடப்ரரை அங்கேயே விட்டுவிட்டு, இங்கே புதிதாக வாங்குங்கள்.

எப்சிபி1010 நல்ல பெட்டியா என்றும் கேட்டிருந்தீர்கள். பத்துச் சுவிச், பாங்க் (பிரீசெற் தொகுதி) ஏற்ற இறக்க இரண்டு, இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல் (பாதத்தால் சாய்த்து அளவைக் கூட்டிக் குறைப்பது), 10 பாங்கில் 100 பிரீசெற். ஒரு பிரீசெற்றிலிருந்து ஐந்து பிசியும் இரண்டு சிசியும் அனுப்பும். விலைக்கு இது நிறைய. ஆனால் மிதித்து மிதித்துப் புரோகிராம் செய்வது பொறுமையைச் சோதிக்கும். கணினி மூலம் செய்வதே நல்லது. மலிவான யூஎஸ்பி மிடி வயர்கள் சில, நீளமான தரவை அனுப்பும்போது நடுவில் துண்டித்துவிடும். பிசி, சிசி எல்லாம் ஒழுங்காகப் போகும், முழு அமைப்பையும் ஏற்றும்போது மட்டும் பிழைக்கும். அப்படி நடந்தால் வயரைச் சந்தேகியுங்கள்.

பாவித்த பெட்டி எதுவானாலும், காசு கொடுக்க முன் மாமா செய்யவேண்டிய சோதனை இது. யூஎஸ்பி மிடி வயரால் மடிக்கணினியில் இணைத்து, வரும் செய்திகளை வரிவரியாகக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறக்கவேண்டும். ஒவ்வொரு சுவிச்சையும் பத்துத் தரம் மிதிக்கவேண்டும். ஒரு மிதிக்கு ஒரு பிரீசெற்றின் செய்திகள் ஒருமுறை மட்டும் வரவேண்டும். அதே வரிகள் இரட்டித்து வந்தால் சுவிச்சின் தொடுகை தேய்ந்துவிட்டது. பெடலை மெதுவாக மேலிருந்து கீழே கொண்டுபோனால் எண் 0 இலிருந்து 127 வரை துள்ளாமல் ஏறவேண்டும். 4இல் தொடங்கி 121இல் நின்றால் அளவுதிருத்தம் செய்து சரிப்படுத்தலாம். நடுவில் துள்ளினால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். கடைசியாக, மிடி வெளித்துளையில் வயரை மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். அசைக்கும்போது செய்தி நின்றால் உள்ளே ஈயப்பற்று வெடித்திருக்கிறது. அது திருத்தக்கூடிய பிழை.

சாவகச்சேரி வாசகர்: புதிய கொன்ரோலரில் மிடித் துளை 3.5 மில்லிமீற்றர் சின்னத் துளையாக இருக்கிறது. எபெக்ற்ஸ் பெட்டியில் ஐந்து கால் பெரிய துளை. கேபிளை நானே பற்றவைக்கலாமா? போன் ஹெட்செற் வயரை வெட்டிச் செய்த ஒன்று வேலை செய்யவில்லை.

பதில்: தாராளமாகப் பற்றவைக்கலாம். முதலில் ஐந்து கால் பிளக்கை வடிவாகப் பாருங்கள். கால்கள் வளைவாக நிற்கும், ஆனால் இலக்கங்கள் வரிசையாக இல்லை: ஓரத்திலிருந்து 1, 4, 2, 5, 3. நடுவில் நிற்பது 2. அதன் இரு பக்கமும் 4, 5. இந்த மூன்றும்தான் வேண்டும். ஓரத்து 1, 3 வெறுமையாகவே இருக்கட்டும். 4 எந்தப் பக்கம் என்பது பிளக்கை முன்னாலிருந்து பார்க்கிறீர்களா, பற்றவைக்கும் பின்பக்கத்திலிருந்து பார்க்கிறீர்களா என்பதைப் பொறுத்து மாறும். பிழைகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. பெரும்பாலான பிளக்குகளில் காலுக்கு அருகே இலக்கம் பொடியாகப் பதித்திருக்கும். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் படியுங்கள்.

சின்னப் பிளக்கில் நுனி, வளையம், அடிக்குழல் என்று மூன்று தொடுகை. ஏ வகை என்றால் நுனிக்கு 5, வளையத்துக்கு 4, அடிக்குழலுக்கு 2. பி வகை என்றால் நுனியும் வளையமும் இடம் மாறும்: நுனிக்கு 4, வளையத்துக்கு 5. 2018இல் ஏ வகையே பொதுவான முறை என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் வந்த பெட்டிகளில் இரண்டும் கலந்து இருக்கின்றன. உங்கள் கையேட்டில் எந்த வகை என்று இருக்கும். பிழையான வகையில் செருகினால் ஒன்றும் எரியாது, செய்தி போகாது என்பது மட்டும்தான். ஆகவே பயப்படாமல் இரண்டு வகையையும் சோதிக்கலாம்.

ஹெட்செற் வயர் வேண்டாம். அதன் மெல்லிய இழைகள் அரக்கு பூசியவை. அரக்கைச் சுரண்டாமல் ஈயம் ஒட்டாது. ஒட்டியதுபோலத் தெரியும், உள்ளே தொடுகை இருக்காது. உங்கள் கேபிள் வேலை செய்யாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மைக் கேபிள் பாவியுங்கள்: உள்ளே இரண்டு வயர், சுற்றிவரப் பின்னல். இரண்டு வயரும் 4, 5க்கு, பின்னல் 2க்கு. பற்றவைக்க முன் பிளக்கின் மூடியை வயரில் போட மறக்கவேண்டாம். ஐந்து கால் பிளக்கின் பிளாஸ்ரிக் சூட்டில் இளகும். காலொன்றுக்கு இரண்டு விநாடிக்கு மேல் சூட்டுக்கோலை வைத்திருந்தால் கால் சரிந்துவிடும். ஒரு பெண் சொக்கெற்றில் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு பற்றவைத்தால் கால்கள் நேராக நிற்கும். முடிந்ததும் மீற்றரால் ஒவ்வொரு வழியும் தொடர்கிறதா, ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நீளம் 15 மீற்றரைத் தாண்டவேண்டாம்.

செய்தி போகிறதா என்று கண்ணாலேயே பார்க்கவும் ஒரு வழி உண்டு. சிவப்பு எல்ஈடி ஒன்றை எடுங்கள். அதன் நீளக் காலைக் கேபிளின் 4ஆம் காலோடும் குட்டைக் காலை 5ஆம் காலோடும் பிடித்துக்கொண்டு கொன்ரோலரை மிதியுங்கள். மிதிக்கும்போது எல்ஈடி மங்கலாக ஒருதரம் மின்னவேண்டும். இருட்டான அறையில் நன்றாகத் தெரியும். மின்னினால் கொன்ரோலரும் கேபிளும் சரி, பிழை மற்றப் பெட்டியின் பக்கத்தில்; முதலில் அதன் சனலைப் பாருங்கள். மின்னாவிட்டால் பிழை இந்தப் பக்கத்தில்.

பழைய கசெற் டெக்கோடு வந்த ஐந்து கால் கேபிள் வீட்டில் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் பல ஓடியோக் கேபிள்களில் கால்கள் குறுக்கே மாற்றி இணைக்கப்பட்டிருக்கும். மீற்றரால் சோதித்து 4க்கு 4, 5க்கு 5 என்று வந்தால் மட்டும் பாவியுங்கள்.

பருத்தித்துறை வாசகர்: நான்கு சுவிச் உள்ள சின்ன புளூரூத் கொன்ரோலர் மலிவாக இருக்கிறது. வயரே வேண்டாம் என்கிறார்கள். மேடைக்கு நம்பலாமா?

பதில்: வீட்டுப் பயிற்சிக்கும், போனிலோ ஐபாட்டிலோ எபெக்ற்ஸ் அப் பாவிப்பவர்களுக்கும் நல்ல பொருள். திருவிழா மேடைக்கு நாங்கள் சொல்லமாட்டோம். புளூரூத் ஓடுவது 2.4 கிகாஹேர்ட்ஸில். மேடைக்கு முன் நிற்கும் சனத்தின் போன்கள், வைபை, மலிவான வயர்லெஸ் கிற்றார் செற் எல்லாம் அதே இடத்தில்தான் நெரிபடுகின்றன. மாலை நாலு மணிக்கு வெறும் வீதியில் சோதித்தபோது ஒழுங்காக வேலை செய்தது, இரவு ஒன்பது மணிக்குச் சனம் நிறைந்தபின் அறுந்து அறுந்து போகும். தொடர்பு அறுந்தால் மீண்டும் பிடிக்கச் சில விநாடி. இடையிசை அதற்குள் முடிந்துவிடும்.

வாங்கமுன் யூஎஸ்பி பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கொன்ரோலரிலும் யூஎஸ்பி, எபெக்ற்ஸ் பெட்டியிலும் யூஎஸ்பி, வயரால் இணைத்தால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். இணைத்தால் ஒன்றும் நடக்காது. யூஎஸ்பியில் ஒரு பக்கம் ஹோஸ்ற்றாக, அதாவது கணினியின் இடத்தில் இருக்கவேண்டும். இரண்டும் கருவிகள் என்றால் ஒன்றை ஒன்று கவனிக்காது. நடுவில் யூஎஸ்பி ஹோஸ்ற் பெட்டி ஒன்று தேவைப்படும். உங்கள் எபெக்ற்ஸ் பெட்டியில் ஐந்து கால் துளையோ 3.5 மில்லிமீற்றர் மிடித் துளையோ இருந்தால், அதே வகைத் துளை உள்ள கொன்ரோலரையே வாங்குங்கள்.

அச்சுவேலி வாசகர்: மின்பிறப்பாக்கியில் ஓடும் மேடைகளில் கிற்றாரில் இரைச்சல் கூடுகிறது. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் எபெக்ற்ஸ் பெட்டி முதலிலிருந்து தொடங்குகிறது. கொன்ரோலருக்கும் பெடல்களுக்கும் ஒரே அடப்ரரில் இருந்து பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

பதில்: இரண்டு பிழையும் வேறு வேறு.

இரைச்சலுக்கு முதற் சந்தேகம் அந்தப் பிரிப்பு வயர். கொன்ரோலருக்குள் சின்னக் கணினி இருக்கிறது. திரையும் எல்ஈடியும் மின்னும்போது அதன் சலசலப்பு அதே வயரால் டிஸ்ரோர்ஷன் பெடலுக்குப் போகிறது. கொன்ரோலருக்குத் தனி அடப்ரர் கொடுங்கள், அல்லது ஒவ்வொரு வெளியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை பாவியுங்கள். ஐந்து கால் மிடியின் உள்வழியில் ஒளியால் இணைக்கும் ஒப்ரோகப்ளர் இருப்பதால் மிடிக் கேபிள் வழியாக இரைச்சல் வருவது அரிது. யூஎஸ்பி வயரில் அந்தப் பிரிப்பு இல்லை. மடிக்கணினி இணைத்திருந்தால் யூஎஸ்பியைக் கழற்றிப் பாருங்கள்; இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான்.

அடப்ரரில் மூன்று விஷயம் பாருங்கள்: வோல்ற், மில்லி அம்பியர், நடுமுனை நேரா மறையா. கிற்றார் பெடல்களில் வழமை 9 வோல்ற், நடு மறை. பக்கத்தில் நிற்கும் யமஹா கீபோர்ட்டின் அடப்ரர் 12 வோல்ற், நடு நேர். பிளக் பார்வைக்கு அதேபோல இருக்கும். அவசரத்தில் மாறிச் செருகிக் கருகிய பெட்டிகள் நிறைய. உங்கள் அடப்ரரில் மஞ்சள் ரேப் சுற்றிவிடுங்கள். எச்எக்ஸ் ஸ்ரொம்ப் போன்றவற்றின் சொந்த அடப்ரர் 3 அம்பியர். அதை 500 மில்லி அம்பியர் வெளியில் செருகினால் தொடங்கித் தொடங்கி நிற்கும்.

மின்சாரம் ஒரு கணம் போவதற்கு மருந்து, கணினிக்குப் பாவிக்கும் சின்ன யூபிஎஸ். 600 விஏ காணும். அதில் எபெக்ற்ஸ் பெட்டியையும் கொன்ரோலரையும் மட்டும் போடுங்கள், அம்பைப் போடவேண்டாம். எர்த் உள்ள நீட்டு வயராக இருக்கட்டும். எர்த் காலைக் கழற்றிவிட்டால் இரைச்சல் குறையும் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்கவேண்டாம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, கையில் கிற்றார் கம்பியும் உதட்டில் மைக்கும் படும்போது அந்த எர்த்தான் உயிரைக் காக்கிறது.

நல்லூர் வாசகர்: டிலே எப்போதும் பாட்டின் தாளத்தோடு மோதுகிறது. கொன்ரோலரில் ராப் ரெம்போ தட்டித்தான் வைக்கிறேன்.

பதில்: நீங்கள் எழுதிய பாட்டுகளில் பாதிக்கு மேல் 6/8. பிழை அங்கேதான். 6/8 இல் கால் இயல்பாகத் தட்டுவது பெரிய அடியை, அதாவது மூன்று சின்ன அடிக்கு ஒருதரம். நிமிடத்துக்கு 80 தட்டினால் ஒரு தட்டு 750 மில்லி விநாடி, சின்ன அடி ஒவ்வொன்றும் 250. ஆனால் எபெக்ற்ஸ் பெட்டி ஒரு தட்டைக் கால் நோற்றாக எடுத்துக்கொள்கிறது. அதில் 'புள்ளி வைத்த எட்டாம் நோற்' என்று டிலே வைத்திருந்தால் 562 மில்லி விநாடி வரும். 250, 500, 750 என்று போகும் தாளத்தில் அது எங்கேயும் பொருந்தாது.

இந்த வகைப் பாட்டுக்குத் தட்டவேண்டாம். பிரீசெற்றிலேயே ரெம்போவைப் பதியுங்கள்: பெரிய அடி 80 என்றால் பெட்டியில் 120. டிலேயைக் கால் நோற்றில் வைத்தால் 500, எட்டாம் நோற்றில் வைத்தால் 250. இரண்டும் தாளத்தோடு ஒட்டும். பெரிய அடியை ஒன்றரையால் பெருக்குவதுதான் கணக்கு. பிரீசெற் மாறும்போது ரெம்போவும் சேர்ந்து மாறும்படி பெட்டியின் பொது அமைப்பில் தெரிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் முந்தின பாட்டின் வேகமே தொடரும்.

அளவெட்டி வாசகர்: என்னிடமுள்ள வொலியூம் பெடலைக் கொன்ரோலரின் எக்ஸ்பிரஷன் துளையில் செருகினேன். 'வா' எபெக்ற் (சத்தத்தை 'வாவா' என்று திறந்து மூடுவது) கடைசி நுனியில் மட்டும் திடீரென்று திறக்கிறது.

பதில்: வொலியூம் பெடல் வேறு, எக்ஸ்பிரஷன் பெடல் வேறு. முதலாவதற்குள் இருப்பது பெரும்பாலும் 250 கிலோ ஓம், காதுக்கு ஏற்ப வளைந்து ஏறும் வகை. கொன்ரோலர் எதிர்பார்ப்பது 10 கிலோ ஓம் அளவில், நேராக ஏறும் வகை, மூன்று தொடுகைப் பிளக்கோடு. எக்ஸ்பிரஷன் பெடல் வாங்கும்போதும் கவனம்: ரோலண்ட் முறையில் நகரும் முனை பிளக்கின் நுனியில், யமஹா முறையில் வளையத்தில். மாறினால் பெடல் ஒரு மூலையில் மட்டும் வேலை செய்யும். இரண்டையும் மாற்றும் சின்னச் சுவிச் அடியில் உள்ள பெடல்களும் கிடைக்கின்றன.

திருநெல்வேலி வாசகர்: எல்லாம் புரோகிராம் செய்தாயிற்று. மேடைக்குப் போகமுன் வேறு என்ன?

பதில்: கொன்ரோலரின் முழு அமைப்பையும் கணினியில் ஒரு பைலாகச் சேமித்து, போனிலும் ஒரு பிரதி வையுங்கள். எபெக்ற்ஸ் பெட்டிக்கும் அப்படியே. இரண்டும் ஒன்றோடொன்று எண்ணால் இணைந்திருப்பதால் ஒன்றில் பிரீசெற் வரிசையை மாற்றினால் மற்றதிலும் மாற்றவேண்டும். நிகழ்ச்சி நாளில் வரிசையில் கைவைக்கவேண்டாம்.

திறந்த வெளியில் பின்னேரம் நாலு மணிக்குச் சவுண்ட் செக் என்றால் வெயிலில் திரையும் எல்ஈடியும் தெரியாது. எந்தச் சுவிச் எது என்று வெள்ளை ரேப்பில் கறுப்புப் பேனையால் எழுதிச் சுவிச்சுக்கு மேலே ஒட்டுங்கள். செம்மண் புழுதி சுவிச் இடுக்கால் இறங்கும். வாசிக்காத நேரத்தில் ஒரு துவாயால் மூடிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெட்டியை மேடைப் பலகையில் நேரே வைக்காமல் ஒரு ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள்.

மேலதிகமாக ஒரு மிடிக் கேபிள், ஒரு 9 வோல்ற் அடப்ரர். பிறகு ஒரு தாளில் பாட்டு, பிசி எண், மூன்று சினாப்சொட்டிலும் என்ன சத்தம் என்று எழுதி, கொன்ரோலரின் அடிப்பக்கத்தில் தெளிவான ரேப்பால் ஒட்டிவையுங்கள். கொன்ரோலர் நின்றுபோனால் அதைத் திருப்பி வைத்துப் பார்த்தே எபெக்ற்ஸ் பெட்டியின் சொந்தச் சுவிச்சால் மீதிப் பாட்டுகளை வாசிக்கலாம்.